மடம் வயலானால் புண்ணியம் மண்ணாகுமா?

கார்த்திகை மாதம் மரித்தோரின் மாதம். சேமக்காலைகளைத் துப்புரவாக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி கொளுத்தி, எம்மை விட்டுப் பிரிந்தோருக்காக மன்றாடுகின்றோம். கல்லறை உள்ளவர்களுக்கு இந்த மரியாதை கிடைக்கின்றது. கல்லறையே இல்லாமற் போனவர்களின் கதி என்ன? அவர்களை அடக்கம் செய்த கோயிலும் இடிந்து, அந்த இடத்தில் ஏர் ஓடிப் பயிர் விளைந்திருந்தால், அங்கே சொல்லப்பட்ட செபங்களுக்கும் செய்யப்பட்ட தருமங்களுக்கும் என்ன நடந்தது?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. கூரையிழந்த ஆலயங்களையும், பற்றை மூடிய சேமக்காலைகளையும் தம் கண்ணாலே கண்டவர்கள் எமது வாசகர்களுட் பலர். "இவ்வளவு காலம் கட்டியதெல்லாம் வீணாய்ப் போய்விட்டதே, சுவாமி" என்று பெருமூச்செறிந்தவர்களுக்கு என்ன மறுமொழி சொல்வது? அனுதாபம் மட்டும் போதாது, மறுமொழியும் வேண்டும். அதைத் தேடுவதற்காக, எமக்கு வெகு தூரத்திலுள்ள ஒரு வயலுக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

வயல் நடுவே ஒரு கோயில்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் லிங்கன்ஷயர் என்றொரு மாநிலம் உண்டு. தட்டையான, செழிப்பான கமத்தொழிற் பூமி. அங்கே செம்பிரிங்காம் என்னுமிடத்தில், சுற்றிவரக் குடிமனைகள் இல்லாமல், வயல்களின் நடுவே புனித அந்திரேயாவின் பெயரால் ஒரு பழைய கற்கோயில் தனித்து நிற்கின்றது. இன்று அது அங்கிலிக்கன் சபையினரின் ஆலயம். ஒருகாலத்தில் அதனைச் சுற்றியிருந்த ஊர் மறைந்துவிட்டது. அதற்குச் சற்று அப்பால், 300 அடிக்கு மேல் நீளமான இன்னொரு பெருங்கோயிலும், அதனோடு சேர்ந்த துறவு மடமும் இருந்தன. அவற்றில் இன்று நிலத்தின்மேல் ஒரு சுவரேனும் இல்லை. 1938ஆம், 1939ஆம் ஆண்டுகளில் மண்ணை அகழ்ந்து பார்த்தபோதுதான் அத்திவாரங்களின் அமைப்புத் தெரியவந்தது.

இவ்வாறு புதைந்துபோன கட்டடங்கள் உள்ள வயல்களில் ஒரு வினோதம் உண்டு. மழை குறைந்த ஆண்டுகளில், மண்ணுக்கடியில் கற்சுவர் இருக்கும் இடத்துப் பயிர் வேரோட இடமின்றிக் குட்டையாகி முந்திப் பழுத்துவிடும். பழைய அகழி இருந்த இடத்துப் பயிரோ, ஈரம் கிடைப்பதால் பசுமையாக நிற்கும். ஆகாயத்திலிருந்து பார்ப்பவருக்கு, பச்சையிலும் மஞ்சளிலும் பழைய கட்டடத்தின் படம் கீறினாற்போலத் தோன்றும். உழுகின்றவன் வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இங்கிலாந்தின் பழைய மடங்கள் பலவற்றின் அமைப்பு இப்படித்தான் அறியப்பட்டது.

சேசுவின் தட்டு

செம்பிரிங்காம் மடத்தை 1131ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர் புனித கில்பேட். இவர் 1083ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். தந்தை நோர்மன் இனத்துப் போர்வீரர்; தாய் ஆங்கிலப் பெண். பிள்ளை அங்கக் குறையோடு பிறந்தது. போர்வீரனாக உதவாத மகனை வீட்டார் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. வேலைக்காரர் கூட அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தனர் என்று அவருடைய சரித்திரம் கூறுகின்றது. பிரான்ஸ் தேசம் சென்று கற்றுத் திரும்பியவர், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், பெண்பிள்ளைகளுக்கும் கற்பித்தார். பின்பு குருவாக அபிஷேகம் பெற்றார். லிங்கன் மேற்றிராணியார் உயர்ந்த பதவியொன்றைக் கொடுக்க முன்வந்தபோது, வேண்டாமென்று விலகித் தம் ஊருக்கே திரும்பினார்.

அவரிடம் கற்ற ஏழு பெண்கள் துறவு வாழ்வை விரும்பினர். அந்திரேயா கோயிலின் வடபுறச் சுவரோடு அவர்களுக்குச் சிறிய இல்லமொன்றை அமைத்துக் கொடுத்தார். அதுவே தொடக்கம். கன்னியருக்குப் பணிவிடை செய்யத் துணைச் சகோதரிகளும், வயல் வேலைக்குத் துணைச் சகோதரர்களும், திருப்பலி நிறைவேற்றக் குருக்களும் பின்னர் வந்து சேர்ந்தனர். 1147ஆம் ஆண்டில் கில்பேட், பிரான்சிலுள்ள சீத்தோ மடத்துக்குச் சென்று, தமது மடங்களைச் சிஸ்தேர்சியன் சபையார் பொறுப்பேற்க வேண்டுமெனக் கேட்டார். பெண்கள் மடங்களை ஏற்பதற்கில்லை என்று அவர்கள் மறுத்துவிட்டனர். பாப்பரசர் மூன்றாம் யூஜின் கில்பேட்டையே தலைவராய் இருந்து நடத்தும்படி பணித்தார். இவ்வாறு, இங்கிலாந்து மண்ணில் மத்திய காலத்திலே பிறந்த ஒரேயொரு துறவற சபை உருவாயிற்று.

அவர்களுடைய கோயில்களில், நீளவாக்கில் நடுவே ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் கன்னியர், மறுபுறம் குருக்கள். ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதில்லை. ஆனால் ஒரே பலி, ஒரே செபம்.

கில்பேட்டின் வாழ்வில் ஒரு சிறிய வழக்கம் எம் நெஞ்சைத் தொடுகின்றது. சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு தட்டை எப்பொழுதும் தம்மருகே வைத்திருப்பார். அதன் பெயர் "ஆண்டவர் சேசுவின் தட்டு". தமக்குப் பரிமாறப்பட்டதில் மிகச் சிறந்ததை அதிலே எடுத்து வைப்பார். மிச்சத்தையல்ல, சிறந்ததை. அது ஏழைகளுக்குப் போய்விடும். தம்மோடு உண்ணப் பிறர் மறுத்த அவமானத்தை இளமையிலே அனுபவித்தவர், முதுமையில் சேசுவுக்குத் தம் மேசையில் இடம் வைத்தார்.

1164ஆம் ஆண்டில் அதிமேற்றிராணியார் புனித தோமஸ் பெக்கட் அரசனுடைய கோபத்துக்குத் தப்பி ஓடியபோது, கில்பேட்டின் சபையினர் அவருக்கு வழியில் அடைக்கலம் கொடுத்தனர். பின்பு, நாடுகடந்து சென்ற பெக்கட்டுக்குப் பணம் அனுப்பினார் என்று கில்பேட்மேல் வழக்கு வந்தது. அவர் பணம் அனுப்பவில்லை. "அனுப்பவில்லை" என்று சத்தியம் செய்தால் போதும், விட்டுவிடுகின்றோம் என்றனர் நீதிபதிகள். அவர் மறுத்தார். அப்படிச் சத்தியம் செய்தால், துன்புறும் மேய்ப்பருக்கு உதவி செய்வது ஒரு குற்றம் என்று ஒத்துக்கொண்டதாய் முடியும் என்பது அவருடைய எண்ணம். சபையே கலைக்கப்படும் என்ற அச்சம் இருந்தும் அசையவில்லை. ஈற்றில் அரசன் விடுவித்தான். விடுதலையான பின்னரே, வற்புறுத்தலின்றி, உண்மையைச் சொன்னார்.

1189ஆம் ஆண்டு மாசி மாதம் 4ஆம் திகதி, நூறு வயதைத் தாண்டி, கண்பார்வை இழந்த நிலையில், கில்பேட் காலமானார். அப்போது 13 மடங்கள் இருந்தன. ஏறத்தாழ 1,500 சகோதரிகளும் 700 ஆண்களும் இருந்ததாகக் கூறுவர். 1202ஆம் ஆண்டில் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். செம்பிரிங்காம் மடக்கோயிலில் இருந்த அவருடைய கல்லறைக்கு யாத்திரிகர் வந்து சென்றனர்.

அரசனும் திராட்சைத் தோட்டமும்

1536ஆம் ஆண்டுக்கும் 1540ஆம் ஆண்டுக்கும் இடையில், அரசன் எட்டாம் ஹென்றி இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த ஏறத்தாழ 800 துறவு மடங்களையும் மூடினான். செம்பிரிங்காமின் முறை 1538ஆம் ஆண்டில் வந்தது. கூரைகளிலிருந்த ஈயம் உருக்கி எடுக்கப்படுவதும், மணிகள் விற்கப்படுவதும், நிலங்கள் அரசனுக்கு வேண்டியவர்களுக்குப் போய்ச் சேருவதுமே அந்நாளைய வழக்கம். செம்பிரிங்காம் கிளின்டன் பிரபுவின் கைக்குச் சென்றது. அவர் மடத்தின் கற்களைக் கொண்டே தமக்கொரு மாளிகை எழுப்பினார். அந்த மாளிகையும் பின்னர் இடிந்து இல்லாமற் போயிற்று. மடமும் போய், மாளிகையும் போய், எஞ்சியது வயல்.

வேதாகமம் அறிந்தவர்களுக்கு இது பழைய கதை. ஆகாப் அரசன் தன் அரண்மனைக்கு அருகிலிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பினான். எதற்காக? கீரைத் தோட்டம் போடுவதற்காக! முதுசமாய் வந்த காணியைத் தரமாட்டேன் என்றான் நாபோத். பொய்ச்சாட்சி சொல்லி அவனைக் கல்லாலெறிந்து கொன்று தோட்டத்தை எடுத்தார்கள். 1532ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, கிரீனிச் ஆலயத்தில், பிரான்சிஸ்கன் துறவி வில்லியம் பெட்டோ என்பவர், ஹென்றியின் முகத்துக்கெதிரே அவனை ஆகாப் அரசனுக்கு ஒப்பிட்டுப் பிரசங்கம் செய்தார். அப்போது அவர் கண்டித்தது அரசனுடைய விவாக விஷயத்தை. மடங்களின்மேல் அரசனுடைய கை விழுந்தபோது, அந்த ஒப்புமை இன்னும் பொருத்தமாயிற்று.

மற்றைச் சபைகளுக்கு வெளிநாடுகளில் மடங்கள் இருந்தன. பெனடிக்ட் சபையார் இங்கிலாந்தில் இல்லாதொழிந்தாலும் இத்தாலியிலும் பிரான்சிலும் வாழ்ந்தனர். பின்பு திரும்பியும் வந்தனர். கில்பேட்டின் சபையோ இங்கிலாந்திலேயே வேரூன்றியது. அங்கே வெட்டப்பட்டபோது முழுவதும் பட்டுப்போயிற்று. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால் மிகுந்த பலன் தரும் என்று ஆண்டவர் சொன்னதை எடுத்துக்காட்டி இக்கட்டுரையை இந்த இடத்திலே முடித்துவிடுவது எமக்கு இலகு. ஆனால் அது நேர்மையாகாது. இந்த மணி கண்ணுக்குத் தெரிய மீண்டும் முளைக்கவில்லை. ஆகவே கேள்வி இன்னும் கூர்மையாகின்றது.

உழுதவன் செய்தது குற்றமா?

முதலில் ஒழுக்கவியற் கேள்வியொன்றைத் தீர்த்துக்கொள்வோம். மடத்தின் நிலத்தை உழுதவன் பாவியா?

பறித்தவன் செய்தது களவு. இதில் ஐயமில்லை. களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கூடியவன் கொடுக்காமல் பாவமன்னிப்புப் பெற முடியாது என்பது அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் முதலிய வேதபாரகர்கள் படிப்பிக்கும் சத்தியம். ஆனால் உரிமையாளன் தன் உரிமையை மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். திருச்சபை அதைச் செய்தது என்பதைப் பலர் அறியார். மேரி அரசியின் காலத்தில், 1554ஆம் ஆண்டு கார்த்திகை 30ஆம் திகதி, பாப்பரசர் மூன்றாம் யூலியசின் தூதரான கர்தினால் போல், இங்கிலாந்தை மீண்டும் திருச்சபையோடு ஒப்புரவாக்கினார். அப்போது, மடங்களின் நிலங்களை வைத்திருந்தவர்கள் அவற்றைத் தொடர்ந்து வைத்திருக்கலாம் என்று திருச்சபை சலுகை அளித்தது. போலுக்கு இது இலகுவாயிருக்கவில்லை. ஆனால் நிலத்தைத் திருப்பிக் கேட்டால் ஒரு தேசமே திரும்பி வராது. நிலமா, ஆன்மாக்களா என்ற நிலையில் திருச்சபை ஆன்மாக்களைத் தெரிந்துகொண்டது. அரசி மட்டும், தன் கையிலிருந்தவற்றுள் சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். வெஸ்ட்மினிஸ்டர் மடத்தில் 1556ஆம் ஆண்டு துறவிகள் மீண்டும் குடியேறினர்.

ஆகவே தலைமுறைகள் கடந்து, நல்லெண்ணத்தோடு அந்த வயலை உழுகின்றவன்மேல் நாம் குற்றம் சாட்ட முடியாது. திருச்சபைச் சட்டமும் இதற்கு இசைவாகவே பேசுகின்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1212ஆம் இலக்கம், ஒரு புனித இடம் பெரும்பகுதி அழிந்துபோனால், அல்லது நிலையாக உலகக் காரியங்களுக்குப் பயன்படுத்தப்பட்டுவிட்டால், அது தன் அர்ச்சிப்பை இழந்துவிடுகின்றது என்று கூறுகின்றது. 1222ஆம் இலக்கம், ஆலயமாய்ப் பயன்படுத்த முடியாத கட்டடத்தை மேற்றிராணியார் வேறு பயனுக்கு விடலாம், ஆனால் இழிவான பயனுக்கு விடலாகாது என்கின்றது. உழவு இழிவான தொழிலா? செம்பிரிங்காம் துறவிகளே உழுதவர்கள்தாமே! ஆட்டு மந்தைகளை வளர்த்துக் கம்பளி விற்றுச் சீவித்தவர்கள்தாமே! அவர்களிருந்த மண், கேளிக்கைக் கூடமாகாமல் மனிதருக்கு உணவு தரும் வயலானது. அதில் அவர்களுக்கு அவமானமில்லை.

திருச்சபையின் தாயுள்ளமும் அறிவும் இதில் தெரிகின்றன. மண்ணுக்கென்று தானாக ஒரு புனிதம் உண்டென அவள் எண்ணுவதில்லை. யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண், "எந்த மலையிலே தொழவேண்டும்?" என்று வழக்குப் பேசியபோது, ஆண்டவர் மலைகளின் வழக்கைத் தீர்க்கவில்லை. ஆவியிலும் உண்மையிலும் தொழுபவர்களையே தந்தை தேடுகின்றார் என்றார்.

மடத்தின் கணக்கிலும் கடன் உண்டு

இதுவரை சொன்னதைக் கேட்டவர்கள், மடத்தார் எல்லாரும் புனிதர். பறித்தவர் எல்லாரும் பாவிகள் என்று நினைத்துவிடக் கூடும். உண்மையின் பொருட்டு இன்னும் இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும்.

1160ஆம் ஆண்டுகளில், வயலில் உழைத்த துணைச் சகோதரர்கள் கில்பேட்டுக்கு எதிராகக் கிளம்பினார்கள். ஒகர் என்ற கொல்லன் அவர்களுக்கு முன்னின்றான். வேலை மிகுதி, சாப்பாடு குறைவு என்பது அவர்களுடைய முறைப்பாடு. அத்தோடு கன்னியரையும் குருக்களையும் பற்றி அவதூறுகளையும் சேர்த்து, பாப்பரசர் மூன்றாம் அலெக்சாண்டர் வரைக்கும் கொண்டு சென்றனர். விசாரணையில் கில்பேட் குற்றமற்றவர் எனத் தீர்ந்தது. ஆனால் ஈற்றில், சகோதரர்களுடைய உணவிலும் உடையிலும் இருந்த கடுமை தளர்த்தப்பட்டது. அப்படியானால் முறைப்பாட்டில் உண்மையும் இருந்தது! ஏழைக்குச் சிறந்ததை எடுத்து வைத்த அதே மடத்தில், உழைத்தவனுடைய வயிறு நிறையவில்லை. தருமம் செய்கின்ற வீட்டார், வேலைக்காரனுடைய கூலியை மறந்துவிடும் அபாயம் அன்றும் இருந்தது, இன்றும் உண்டு.

இரண்டாவது இன்னும் வேதனையானது. வேல்ஸ் நாட்டின் இளவரசர் லுவெலின், 1282ஆம் ஆண்டு மார்கழியில், ஆங்கில அரசன் முதலாம் எட்வேட்டின் படையினரால் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆனியில் அவருக்கு ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. பெயர் குவென்லியன். தாய் பிரசவத்தோடு இறந்துவிட்டாள். பால்குடி மறவாத அந்தப் பிள்ளையை எட்வேட் செம்பிரிங்காம் மடத்துக்கு அனுப்பினான். அவள் வளர்ந்து விவாகம் செய்தால் வேல்சின் முடிக்கு உரிமை கோர ஒரு வாரிசு பிறந்துவிடும் என்பதே காரணம். 1337ஆம் ஆண்டில் இறக்கும்வரை, 54 வருடங்கள், அவள் அங்கேயே இருந்தாள். தன் நாட்டுக்குத் திரும்பவில்லை.

துறவு வாழ்வுக்கு மூலைக்கல் சுதந்திரமான சம்மதம். தொட்டிலில் கிடந்த பிள்ளை எதற்குச் சம்மதித்தாள்? கன்னியர் அவளை அன்பாக வளர்த்திருக்கலாம். அவளும் மெய்யாகவே செபத்தில் ஆறுதல் கண்டிருக்கலாம். ஆயினும், கோயிற் கதவுக்கு அரசன் போட்ட பூட்டை, மடம் "முடியாது" என்று தள்ளவில்லை. மனச்சாட்சியை முன்னிட்டு ஒரு சத்தியத்தைச் செய்ய மறுத்த புனிதருடைய வீடு, நூறு வருடங்களின் பின், ஒரு குழந்தைக்குச் சிறையாகச் சம்மதித்தது. இது எவ்வளவு பெரிய வீழ்ச்சி!

1538ஆம் ஆண்டின் முடிவும் இந்த வீழ்ச்சியோடு சேர்த்துச் சிந்திக்கத்தக்கது. அப்போது சபையின் தலைவராயிருந்த றொபேட் ஹோல்கேற், அரசனுக்கு அஞ்சியோ உடன்பட்டோ, மடங்களைக் கையளித்தார். 1545ஆம் ஆண்டில் யோர்க் நகர அதிமேற்றிராணியாராக நியமிக்கப்பட்டார். அதே மனிதர் யோர்க்கிலும் வேறிடங்களிலும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன்படும் பாடசாலைகளையும் ஏற்படுத்தினார். மனிதரைக் கறுப்பு, வெள்ளை என்று பிரித்து வைக்க முடியாது என்பதற்கு இவரும் ஓர் உதாரணம்.

நடந்ததை நடவாததாக்க முடியாது

இப்போது எமது மூலக் கேள்விக்கு வருவோம். மடம் வயலாயிற்று, சபையும் ஒழிந்தது. அங்கே செய்யப்பட்ட நன்மை என்னவாயிற்று?

குருமடத்தில் தத்துவ சாஸ்திரம் படித்த காலத்தில், அர்ச். தோமாஸ் எழுப்பும் ஒரு கேள்வி எமக்கு விசித்திரமாய்த் தோன்றியது. நடந்து முடிந்த ஒன்றை, நடக்காததாகச் செய்யக் கடவுளாலே முடியுமா? முடியாது என்பது அவருடைய தீர்ப்பு. கடவுளிடம் வல்லமை குறைவு என்பதல்ல காரணம். அது தன்னிலேயே முரணானது. ஒருவன் அமர்ந்திருந்தான் என்பது மெய்யானால், அவன் அமரவில்லை என்பது ஒருபோதும் மெய்யாகாது. பாவியை மன்னித்துப் புதிய மனிதனாக்கக் கடவுளால் முடியும். அவன் பாவமே செய்யாதிருந்தான் என்று ஆக்குவது இயலாத காரியம்.

அன்று இதனைப் புத்தியின் விளையாட்டு என்று நினைத்தோம். வருடங்கள் சென்று, மனிதருடைய இழப்புகளைக் கேட்கும் தொழிலில் அமர்ந்த பின்னர்தான், இதற்குள் எவ்வளவு ஆறுதலும் எவ்வளவு அச்சமும் இருக்கின்றன என்பது விளங்கியது.

ஆறுதல் இதுதான். கில்பேட்டின் தட்டிலிருந்து ஒரு ஏழை ஒருநாள் உண்டான். அன்று அவனுடைய பசி தீர்ந்தது. அந்த மேசை இன்று இல்லை. அந்தத் தட்டு இல்லை. அந்த ஏழையின் பெயரும் தெரியாது. ஆனால் அவன் பசியாறினான் என்பதை எந்த அரசனால் இல்லையென்றாக்க முடியும்? ஹென்றி சுவர்களை இடிக்கலாம், ஈயத்தை உருக்கலாம், நானூறு வருடங்களாக அங்கே கடவுள் துதிக்கப்பட்டார் என்பதை அவனால் அழிக்க முடியாது. நன்மை உண்மையாவதற்குக் கல்வெட்டு வேண்டியதில்லை. நிலைத்து நிற்கும் நன்மைதான் நன்மை என்று நாம் நினைப்பது தவறு. ஒரு தாய் காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டு விடியுமட்டும் விழித்திருக்கின்றாள். அந்தப் பிள்ளை இறந்துவிடுகின்றது. அவள் விழித்திருந்தது வீணா? வீண் என்று சொல்ல எவனுக்காவது வாய் வருமா?

அச்சமும் இதுதான். ஒகரின் வயிறு காய்ந்ததும் மெய். குவென்லியனின் 54 வருடங்களும் மெய். மடம் அழிந்ததால் அவையும் அழிந்துவிடவில்லை. நல்லதைக் காப்பாற்றும் அதே சத்தியம், கெட்டதையும் மறைய விடாது. "அது பழைய கதை, மண்போட்டு மூடுவோம்" என்று சொல்லி ஒருவரும் தப்பமுடியாது. மண்போட்டு மூடியது, வரட்சி காலத்தில் பயிரின்மேல் தெரிவதுபோல் ஒருநாள் தெரியவரும். மன்னிப்பு என்பது நடந்ததை மறைப்பதன்று. நடந்ததை நடந்ததென்று ஒப்புக்கொண்டு, அதற்குமேல் இரக்கத்தை வைப்பது. 1993ஆம் ஆண்டில், அந்திரேயா கோயிலருகே, குவென்லியனின் ஞாபகார்த்தமாக அவளுடைய நாட்டவர்கள் ஒரு நினைவுக்கல் நாட்டினர். 650 வருடங்களுக்குப் பின்னரும் யாரோ அவள் பெயரைச் சொல்லி அங்கே போகின்றார்கள்.

எமது கடமை

அன்பான வாசகர்களே, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை மூன்று.

முதலாவது, இழந்த ஆலயத்துக்காக அழுவது பாவமன்று. ஆண்டவரும் எருசலேமைப் பார்த்து அழுதார். பறிக்கப்பட்டதை, நியாயமான வழியில், பறிக்கப்பட்டது என்று சொல்வதும் கேட்பதும் எமது உரிமை. 1554ஆம் ஆண்டில் திருச்சபை விட்டுக்கொடுத்தாள் என்றால், விட்டுக்கொடுத்தவள் உரிமைக்காரி. எடுத்தவன் மற்றவனைப் பார்த்து, "நீ மன்னித்துத்தான் ஆகவேண்டும்" என்று கட்டளையிடுவதற்கு அந்தச் சம்பவம் ஆதாரமாகாது. ஆயினும் அழுது முடிந்தபின், "எல்லாம் வீண்" என்று சொல்லக்கூடாது. அது உண்மையன்று. அந்தப் பீடத்திலிருந்து நன்மை வாங்கியவர்கள் வாங்கியவர்களே. அந்தத் தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெற்றவர்களே.

இரண்டாவது, நாம் கட்டும்போது எதற்காகக் கட்டுகின்றோம் என்று எம்மையே கேட்க வேண்டும். மணிக்கூண்டு உயர்கின்றது, உபயகாரரின் பெயர் பொறித்த கல் பதிக்கப்படுகின்றது. ஆலயம் அழகாயிருக்க வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஆலயத்தின் சுவரைக் கட்டிய மேசனுக்கும், கல் சுமந்த கூலிக்கும் முழுச் சம்பளமும் கொடுபட்டதா? எமது வீட்டு மேசையில் சேசுவுக்கு ஒரு தட்டு உண்டா? உண்டானால், அதில் விழுவது சிறந்ததா, மிச்சமா? கடவுளின் கணக்குப் புத்தகத்தில் இவையே முதலில் வாசிக்கப்படும்.

மூன்றாவது, மரித்தோருக்காக மன்றாடுதல். கல்லறை உள்ளவர்களுக்கு உறவினர் உண்டு. வயலுக்கடியில், கடலுக்கடியில், பெயரற்ற குழிகளில் கிடப்பவர்களுக்கு யார் உண்டு? புனிதர்களின் ஒன்றிப்பை விசுவசிக்கின்றோம் என்று ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடும் நாம் உண்டு. இந்த மாதத்தில் குடும்பமாகச் செபமாலை சொல்லி முடிக்கும்போது, எம் வீட்டாருக்குப் பிறகு, நினைப்பாரற்ற ஆன்மாக்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறைந்த மந்திரமும் சேர்த்துக் கொள்வோம். அதிலே ஒகர் என்ற கொல்லனையும், குவென்லியன் என்ற பிள்ளையையும், அவர்களோடு அந்த வயலில் உறங்கும் பெயர் தெரியாத சகோதர சகோதரிகளையும் நினைத்துக்கொள்வோம். ஹென்றி அரசனையும் விட்டுவிட வேண்டாம். அவனுக்கும் ஓர் ஆன்மா உண்டு.

அவர்களுடைய பெயர்கள் எமது நாவுக்குப் பழக்கமற்றவை. எமது பெயர்களும் ஒருநாள் யாருக்கோ அப்படித்தான் இருக்கும்.